தொப்பியும் குதிரையும் வந்தன, நிலம் வரவில்லை

தமிழ்த் திரைப்பட வரலாற்றை எழுதுவோர் 1970களின் தொடக்கத்திற்கு வரும்போது ஒரு குறிப்பிட்ட வகைப் படங்களைச் சத்தமின்றித் தாண்டிச் சென்றுவிடுவது வழக்கம். ஒளிப்பதிவாளர் கர்ணன் தாமே இயக்கிய ‘காலம் வெல்லும்’ (1970), ‘ஜக்கம்மா’ (1972), ‘கங்கா’ (1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) முதலியன அவ்வகையைச் சார்ந்தவை. அவற்றின் நாயகர் ஜெய்சங்கர். குதிரை, துப்பாக்கி, அகன்ற விளிம்புத் தொப்பி, தோல் கச்சை, பாறை இடுக்குகளில் துரத்தல் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். ‘கௌபாய் படம்’ என்ற சொல்லை நம்மூர்த் தரை டிக்கெட் ரசிகன் ஏற்றுக்கொண்டுவிட்டான். நம் சிற்றிதழ்களோ அச்சொல்லை ஏளனத்திற்கு மட்டுமே பயன்படுத்தின. நல்ல சினிமா, கெட்ட சினிமா என்று கோடு கிழித்த காலத்தில் இப்படங்கள் கோட்டுக்கு அப்பால் வைத்தும் பேசப்படவில்லை. பேசத் தகுதியற்றவை என விடப்பட்டன.

அந்தப் புறக்கணிப்பு சரியானதா என்பதே இங்கு நம் கேள்வி. இப்படங்கள் மறைந்துபோன காவியங்கள் என்று நாம் வாதிட வரவில்லை. அவை அப்படி அல்ல. ஆனால் அவை தோற்ற இடம் எது என்று கறாராகப் பார்த்தால், தமிழ்த் திரைப்படம் தன் நிலத்தை எப்படிப் பார்த்தது, எப்படிப் பார்க்கத் தவறியது என்பது தெரியவரும். இலக்கியம் படித்தவர்கள் இதில் சொல்ல வேண்டியது உண்டு என்றே கருதுகிறோம்.

முதலில் இவ்வகையின் பிறப்பிடத்தைப் பார்ப்போம். கௌபாய் படம் என்றதும் ஜான் ஃபோர்டின் பெரும் பள்ளத்தாக்குகளே நம் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கௌபாய் படங்களில் மிகப் பெரும்பாலானவை சிறு முதலீட்டுப் படங்களே. அங்கே திரையரங்குகளில் ஒரே கட்டணத்திற்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கம் இருந்தது. முதற்படம் பெரியது. இரண்டாவது படம் சிறியது. ஒரு மணி நேரமோ ஒன்றேகால் மணி நேரமோ ஓடும். அந்த இரண்டாம் இடத்தை நிரப்பவே நூற்றுக்கணக்கான கௌபாய் படங்கள் தயாரிக்கப்பட்டன. அதே செட் தெரு, அதே குதிரைகள், அதே துணை நடிகர்கள். இரவுக் காட்சியைப் பகலிலேயே வடிகட்டி போட்டு எடுத்துவிடுவார்கள்.

இந்த வறுமையிலிருந்தே சில அரிய படைப்புகளும் எழுந்தன. பட் பெட்டிகர் என்ற இயக்குநர் 1956 முதல் 1960 வரை ராண்டால்ஃப் ஸ்காட்டை நாயகராகக் கொண்டு எடுத்த படங்களை இதற்குச் சான்றாகக் கூறலாம். அவற்றில் முக்கியமானவை கலிஃபோர்னியாவின் லோன் பைன் என்னும் சிற்றூரை ஒட்டிய பாறைக் குன்றுகளில், சில வாரங்களுக்குள் எடுத்து முடிக்கப்பட்டவை. 1959இல் வந்த ‘ரைட் லோன்சம்’ 73 நிமிடம்தான் ஓடும். ஐந்தாறு மனிதர்கள், சில குதிரைகள், ஒரு பழங்கடன், ஒரு மரம். வேறெதுவும் அதில் இல்லை. செலவுக்குப் பணம் இல்லாததால் ஊர் இல்லை, கூட்டம் இல்லை. ஊரும் கூட்டமும் இல்லாததால் மனிதனுக்கும் அவன் மனத்திலுள்ள பகைக்கும் இடையே மறைப்பு எதுவும் இல்லை. பணப்பற்றாக்குறை அங்கே வடிவமாகிவிட்டது.

இன்னொரு சான்று, ஜோசப் லூயிஸ் இயக்கிய ‘டெரர் இன் எ டெக்சாஸ் டவுன்’ (1958). பத்தே நாட்களில் எடுக்கப்பட்ட படம். திரைக்கதை எழுதிய டால்டன் ட்ரம்போ கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டுக் கறுப்புப் பட்டியலில் இருந்தவர். ஆகவே வேறொருவர் பெயரில் எழுதினார். ஏழை விவசாயிகளின் நிலத்தடியில் எண்ணெய் இருப்பதறிந்து அந்நிலத்தைப் பறிக்கும் பணக்காரன், தந்தையை இழந்து வரும் மாலுமி மகன், இறுதிச் சண்டையில் துப்பாக்கிக்கு எதிரே திமிங்கல வேட்டை ஈட்டி. பெரிய நிறுவனங்கள் எழுதவிடாத ஒருவர் நிலப்பறிப்பைப் பற்றி எழுத, யாரும் பொருட்படுத்தாத ஒரு சிறு படமே இடம் தந்தது.

செர்ஜியோ லியோனியின் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) இவ்வரிசையில் புகழ்பெற்றது. ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா வறண்ட நிலத்தை அமெரிக்க எல்லைப்புறமாகக் காட்டிய படம் அது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு ஊதியம் 15,000 டாலர். கச்சாப் படச்சுருளை மிச்சப்படுத்தவென வந்த டெக்னிஸ்கோப் முறையில் எடுத்தார்கள். வழக்கமான நீளத்தில் பாதிச் சுருளே போதும். கதையோ குரோசவாவின் ‘யோஜிம்போ’விலிருந்து (1961) அனுமதியின்றி எடுத்தது, பின்னர் வழக்காகி இழப்பீடு தரப்பட்டது. ஜப்பானியக் கதை, இத்தாலிய இயக்குநர், ஸ்பானிய மண், அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர். ஆகவே இவ்வகை அமெரிக்காவின் தனிச்சொத்து என்றோ, கடன் வாங்கியது என்பதாலேயே ஒரு படம் தாழ்ந்தது என்றோ கூறுவதற்கில்லை. கடன் வாங்கியவன் அதைக் கொண்டு என்ன செய்தான் என்பதே கேட்கத்தக்கது.

இனிச் சென்னைக்கு வருவோம். குதிரையும் முகமூடியும் நமக்கு 1970இல் திடீரென வந்தவை அல்ல. கே. அமர்நாத் இயக்கத்தில் கே.டி. ருக்மணி கொள்ளைக்காரியாக நடித்த ‘மின்னல் கொடி’ 1937லேயே வந்துவிட்டது. பம்பாயில் வாடியா சகோதரர்களின் ‘ஹண்டர்வாலி’ (1935) தொடக்கிவைத்த சாகசப் பட அலையின் தமிழ்க் கிளை அது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1952இல் ‘காடு’ என்ற படத்தை அமெரிக்கருடன் கூட்டாகத் தயாரித்தது. அதன் இயக்குநர் வில்லியம் பெர்க்கும் நாயகர் ராட் கேமரூனும் அமெரிக்கச் சிறு கௌபாய் படங்களில் பழகியவர்கள். பின்னர் ‘மெக்கன்னாஸ் கோல்டு’ (1969) தன் சொந்த நாட்டில் தோற்று, இந்தியாவில் பெருவெற்றி பெற்றது. லியோனியின் படங்களும் வந்து சேர்ந்தன. களம் தயாராயிற்று.

அக்களத்தில் இறங்கிய கர்ணன், கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் ‘சாரதா’ (1962), ‘கற்பகம்’ (1963) ஆகிய குடும்பக் கதைகளுக்கு ஒளிப்பதிவு செய்தவர். வரவேற்பறையிலும் சமையலறையிலும் நின்ற கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் வெட்டவெளிக்கு ஓடினார். இதை வெறும் வணிக முடிவாக நாம் கருதவில்லை. ஸ்டூடியோத் தளத்திலிருந்து தமிழ்ப்படம் வெளியேறிய பெருமையை 1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்திற்கே முழுவதும் அளித்துவிடுகிறோம். அதற்கு ஏழாண்டுகள் முன்பே குதிரைக்குளம்புக்கு அருகில் கேமராவை வைத்து, வெயிலையும் புழுதியையும் எதிர்கொண்டவர்களை மறந்துவிடுகிறோம். துரத்தல் காட்சிகளில் கர்ணன் காட்டிய வேகத்தை இப்படங்களைப் பார்த்த எவரும் மறுக்கமாட்டார். அக்காட்சிகளில் குதிரையிலிருந்து விழுந்தவர்கள் பெயரற்ற சண்டைக்கலைஞர்கள். அவர்களுடைய எலும்பு முறிவுகளுக்கும் நம் வரலாற்றில் ஒரு வரி இல்லை.

எனினும் இப்படங்கள் ஏன் நிலைக்கவில்லை? விடையின் ஒரு பகுதி கணக்கில் இருக்கிறது. 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். 75 நிமிட அமெரிக்கச் சிறுபடம் திரையில் 6,750 அடி. நம் திரையரங்கு கேட்டதோ இரண்டரை மணி நேரம். அதாவது 13,500 அடி. அதற்குள் பாடல்கள் வேண்டும், தனி நகைச்சுவைப் பகுதி வேண்டும், ஒரு கேளிக்கை நடனம் வேண்டும், தாய் அழும் காட்சி வேண்டும். விநியோகஸ்தர் முன்பணம் கொடுப்பதே இவற்றை எண்ணித்தான். கச்சாச் சுருளுக்கோ இறக்குமதிக் கட்டுப்பாடு. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கறுப்பு வெள்ளைச் சுருளைத் தரத் தொடங்கிய பின்னரும் வண்ணச் சுருளுக்கு வெளிநாட்டையே நம்ப வேண்டியிருந்தது. அமெரிக்கச் சிறுபடம் பணத்திலும் சிறியது, நீளத்திலும் சிறியது, ஆசையிலும் சிறியது. தமிழ்ச் சிறுபடம் பணத்தில் மட்டுமே சிறியது. பெரிய படத்தின் பந்தி முழுவதையும் சின்ன இலையில் பரிமாற வேண்டிய கட்டாயம் அதற்கு. பெட்டிகரின் வறுமை வடிவமானது. நம் வறுமையோ மறைக்கப்பட வேண்டிய வெட்கமாக நின்றுவிட்டது.

ஆயினும் கணக்கு மட்டுமே காரணம் அன்று. தெலுங்கில் கிருஷ்ணா நடிக்க, கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் 1971இல் வந்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ ராஜஸ்தான் பாலைவனத்திற்கே சென்று வண்ணத்தில் எடுக்கப்பட்டது. கதையும் உரையாடலும் கவிஞர் ஆருத்ரா. ‘மோசக்காரனுக்கு மோசக்காரன்’ என்று தமிழிலும் மொழிமாற்றப்பட்டு வந்தது. அங்கே பணமும் மணலும் இருந்தன. ஆனால் அம்மணல் அரிசோனாவுக்குப் பதிலியாக நின்றதேயன்றித் தானாக நிற்கவில்லை. கர்ணன் படங்களின் பாறைகளும் அப்படியே. எந்த ஊர், எந்த மழை பொய்த்த ஆண்டு, யாருடைய மாடு, எந்தக் கிணற்றின் தண்ணீர் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. கௌபாய் என்றாலே மாட்டுக்காரன் என்றுதான் பொருள். நம் கௌபாய் படங்களில் எல்லாம் உண்டு. மாடு மட்டும் கதையில் இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்க வேண்டும். ஆநிரை கவர்தலும் அதை மீட்டலும் நம் புறத்திணையின் முதற்படி. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சியுள் அடக்கியது. புறப்பொருள் வெண்பாமாலை மீட்டலைக் கரந்தை எனத் தனியே பிரித்தது. அப்பூசலில் வீழ்ந்தவனுக்கு நடுகல். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையிலும், நம் திண்டுக்கல் மாவட்டத்துத் தாதப்பட்டியிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கண்டறியப்பட்டன. புலிமான்கோம்பைக் கல் ஒன்று ‘ஆகோள்’ என்ற சொல்லையே தாங்கி நிற்கிறது. மாடு கவரும் பூசலில் மாண்டவனின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்த கல் அது.

பாலைத்திணையோ இன்னும் நெருக்கமானது. வழிப்போக்கரைக் கொள்ளையிடும் ஆறலை கள்வர், கொல்லப்பட்டோர் மேல் குவித்த பதுக்கை, நீரற்ற சுனை, காத்திருக்கும் பருந்து. இவற்றுள் எதையும் லோன் பைன் பாறைகளுக்கு நடுவே கொண்டு வைத்தால் அந்நியமாகத் தோன்றாது. பாலைக்கென்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் முறை திரிந்து வறண்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். நம் வாதத்திற்கு இதுவே அடிப்படை. பாலை ஓர் இடமன்று, ஒரு நிலை. மழை தவறினால் எந்த ஊரும் பாலையாகலாம். அப்படியெனில் பாலையைப் படமெடுக்க அரிசோனாவும் வேண்டாம், பிகானீரும் வேண்டாம்.

வடமதுரையிலிருந்து கிழக்கே அய்யலூர் நோக்கிச் செல்பவர் இதைக் கண்ணால் காணலாம். ஒருபுறம் கரடுகள், மறுபுறம் மானாவாரிச் சோளக்காடு, நடுவே நீர் வற்றிய குளங்களில் மேயும் வெள்ளாடுகள். வியாழன்தோறும் அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுவோரின் முகங்களைப் பாருங்கள். கொடுக்கல் வாங்கலும் பழைய பகையும் மானமும் அங்கே எந்த வேடமும் இன்றி நடமாடுகின்றன. மழை பெய்த ஆண்டு இது முல்லை. பெய்யாத ஆண்டு பாலை.

இலக்கியத்தில் மட்டுமே இதெல்லாம் உண்டு, வரலாற்றில் இல்லை என்பார்க்கு இரண்டு ஆண்டுகளை நினைவூட்டலாம். 1892 ஏப்ரலில் அமெரிக்காவின் வயோமிங் மாகாணத்தில், ஜான்சன் கவுண்டி என்னும் பகுதியில், பெருமாட்டுப் பண்ணையாளர்கள் கூலிக்குத் துப்பாக்கிக்காரர்களை அமர்த்திக்கொண்டு சிறு குடியேறிகள் மீது படையெடுத்தனர். மாடு திருடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. நிலம் யாருக்கு என்பது உண்மையான வழக்கு. இறுதியில் அரசின் குதிரைப்படை வர வேண்டியிருந்தது. பண்ணையாளருக்கும் குடியேறிக்குமான அப்பகையின் நினைவிலிருந்தே ‘ஷேன்’ (1953) போன்ற படங்கள் கிளைத்தன. ‘ஹெவன்ஸ் கேட்’ (1980) நேராக அந்நிகழ்வையே எடுத்துக்கொண்டது.

நான்காண்டுகள் கழித்து, 1896இல், அன்றைய மதுரை மாவட்டத்தின் திண்டுக்கல் வட்டத்தில் ஒரு கிளர்ச்சி தொடங்கியது. ஊர்க்காவலுக்குக் கூலி பெறும் உரிமை கள்ளர் காவற்காரர்களிடம் இருந்த காலம். களவு போன மாடு துப்புக்கூலி கொடுத்தால் திரும்பி வரும் என்ற வழக்கமும் இருந்தது. அதற்கெதிராக அம்மையப்பக் கோன் என்னும் ஆயர் முன்னின்று ஊர்களைத் திரட்டினார். கால்நடை இழந்தவர்க்கு ஈடுசெய்ய ஊர்தோறும் பொதுநிதி திரட்டப்பட்டது. ‘பண்டு’ என்ற சொல் மக்கள் நாவில் ஏறியது. காவற்காரர்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர், வீடுகள் எரிந்தன. 1906இல் ஃபிரான்சிஸ் எழுதிய மதுரை மாவட்ட கெசட்டியர் இதைப் பதிவுசெய்திருக்கிறது. கால்நடை, காவல், களவு, தீ, வேடிக்கை பார்த்த அரசு. வயோமிங்கின் பூசல் ஒரு திரைப்பட வகைக்கே வித்தாயிற்று. திண்டுக்கல்லின் பூசலைப் பற்றி நம் பட்டதாரி மாணவர்களுக்கும் தெரியாது.

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகள் எழும். இரண்டும் நியாயமானவை.

‘எல்லாம் எங்களிடம் ஏற்கனவே இருந்தது’ என்ற பழம்பெருமைப் பேச்சுதானே இது என்பது முதல் மறுப்பு. அல்ல. இருந்ததாகச் சொல்லிப் பெருமைப்படுவதில் நமக்கு நாட்டமில்லை. இருந்தும் பயன்படவில்லை என்பதே நம் குறை. வெட்சி என்ற சொல்லை வகுப்பறையில் மதிப்பெண்ணுக்காகக் கற்பிக்கிறோம். அச்சொல் குறிக்கும் பூசல் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் வாசலில் நடந்தது என்பதைச் சொல்வதில்லை. திணை பற்றிய அறிவும் திரைப்படமும் ஒன்றையொன்று சந்திக்காமலே இருந்தன. அதில் திரைப்படக்காரர்களின் பங்கைவிடத் தமிழ் படித்தவர்களின் பங்கு அதிகம் என்றுதான் நினைக்கிறோம்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. இத்தகைய கதைகளைப் படமாக்கினால் அது சாதிப்பெருமைப் படமாகவோ சாதிப்பகைப் படமாகவோ முடியும் என்பது. அஞ்சவேண்டிய அச்சமே. அமெரிக்கக் கௌபாய் படமும் இதே பாவத்தைச் சுமந்தது. மண்ணின் மைந்தர்களான பூர்வகுடிகளைத் துப்பாக்கிக்கு இலக்காக மட்டும் காட்டிக் கைதட்டல் வாங்கியது. ஆனால் அதே வகைதான் பின்னர் அப்பாவத்தை விசாரிக்கும் கருவியாகவும் ஆயிற்று. நம் கதையிலும் விசாரணைக்கு இடமுண்டு. 1896இல் வேடிக்கை பார்த்த ஆங்கில அரசு, பின்னர் ஒரு சமூகம் முழுவதையும் குற்றப்பரம்பரை எனப் பட்டியலிட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இக்கதையில் ஆட்டை இழந்த ஆயரும் மனிதர். காவலுரிமையை இழந்தவரும் மனிதர். துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று கேட்கத் தெரிந்த இயக்குநருக்கு இது சாதிக்கதை ஆகாது. தொப்பி மாட்டிய கற்பனைக் கொள்ளையனைக் காட்டுவது பாதுகாப்பானது. ஏனெனில் அவனுக்கு ஊரில்லை. அந்தப் பாதுகாப்பே அப்படங்களை வெறுமையாக்கியது.

நாம் கேட்பது நடக்கக்கூடியதே என்பதற்குச் சான்று திரையில் இல்லை, இலக்கியத்தில் இருக்கிறது. அதுவும் இம்மாவட்டத்திலேயே. வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 1959இல் நூலாக வந்தது. ‘ரைட் லோன்சம்’ வந்த அதே ஆண்டு. ஒரே பிற்பகல், ஒரே இடம். தந்தையைக் கொன்ற காரிக் காளையை அணைய வந்திருக்கும் பிச்சி, துணைக்கு மைத்துனன் மருதன், காளைக்கு உடையவரான ஜமீன்தார், முடிவில் ஒரு துப்பாக்கி வெடி. சில பத்துப் பக்கங்களுக்குள் முடிந்துவிடும் கதை. உபரியாக ஒரு மனிதரும் இல்லை, ஒரு கிளைக்கதையும் இல்லை. பெட்டிகர் பாறைகளுக்கு நடுவே கண்ட சிக்கனத்தைச் செல்லப்பா வாடிவாசலின் முன் கண்டார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. குறைந்த பொருளைக் கொண்டு எழுதத் துணிந்த இருவர் ஒரே வடிவத்தை வந்தடைந்தனர். அவ்வளவே.

ஆக, பத்தாண்டு இடைவெளியில் நம்மிடம் இரண்டும் இருந்தன. செல்லப்பாவிடம் நிலமும் மாடும் மனிதனும் இருந்தனர். கர்ணனிடம் குதிரையின் வேகத்தைப் பிடிக்கத் தெரிந்த கேமரா இருந்தது. ‘எழுத்து’ வாசகன் கௌபாய் படத்திற்குச் செல்வதை இழுக்காகக் கருதினான். கௌபாய் படம் எடுத்தவருக்கு ‘எழுத்து’ என்று ஓர் இதழ் இருப்பதே தெரிந்திருக்காது. தமிழ்ச் சமூகத்தின் இந்தத் தடுப்புச்சுவர் இரு தரப்புக்கும் நட்டம் விளைவித்தது. நம் இலக்கியம் காட்சியை இழந்தது. நம் வெகுசன சினிமா மண்ணை இழந்தது.

பின்னர் வந்தவை நிலைமையை எவ்வளவு மாற்றின? ‘குவிக் கன் முருகன்’ (2009), சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ (2010) ஆகியவை பகடிகள். ரசிக்கத்தக்கவையே. ஆனால் பகடி என்பதன் பொருள், தமிழனுக்குக் கௌபாய் தொப்பி பொருந்தாது என்பதை ஒப்புக்கொண்டு சிரிப்பதுதான். கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ (2023) ஒரு படி மேலே சென்றது. ஈஸ்ட்வுட்டை வெளிப்படையாக வணங்கித் தொடங்கும் அப்படம், மலைவாழ் மக்களின் காட்டுக்கும் அரசின் துப்பாக்கிக்கும் இடையிலான வழக்கில் சென்று முடிகிறது. தொப்பியை அணிந்தவன் அதன் கீழே தன் மண்ணைக் கண்டுகொள்ளும் கதை அது. ஆயினும் அது பெரும்பொருட் படம். நாம் சொல்லும் சிறுபொருட் படம், ஐந்து மனிதரும் ஓர் ஆட்டுப்பட்டியும் ஒரு கடனும் கொண்ட எழுபது நிமிடப் படம், எடுக்கப்படாமலே இருக்கிறது. இன்று கச்சாச் சுருளின் தடை இல்லை. இரண்டரை மணி நேரக் கட்டாயமும் தளர்ந்துவிட்டது. அன்று கர்ணனைக் கட்டிப்போட்ட கயிறுகளில் பெரும்பாலானவை அறுந்துவிட்டன. இனியும் தொப்பி வாங்கித்தான் தீரவேண்டும் என்பார்க்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக, உடனடியாகச் செய்ய வேண்டிய ஒன்று. ‘மோசகாள்ளகு மோசகாடு’ 2023 மே மாதம், கிருஷ்ணாவின் பிறந்தநாளையொட்டி, 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையரங்குக்கு வந்தது. அவர் மறைந்து ஓராண்டும் ஆகாத நேரம், ரசிகர்கள் திரண்டனர். தமிழில் கர்ணனின் படங்களுக்கு அத்தகைய பேறு இன்னும் வாய்க்கவில்லை. ஜெய்சங்கர் 2000இலும் கர்ணன் 2012இலும் மறைந்துவிட்டனர். நம் முதல் மௌனப்படமான ‘கீசகவத’த்தின் பிரதி இல்லை; முதல் பேசும்படமான ‘காளிதா’ஸின் பிரதியும் இல்லை. தியடோர் பாஸ்கரன் போன்றோர் இவ்விழப்பைப் பற்றித் தொடர்ந்து எழுதியும் நாம் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. பேரிலக்கியம் எனப் போற்றப்படும் படங்களுக்கேனும் குரல் கொடுக்க ஆட்கள் உண்டு. மூன்றாந்தரம் என ஒதுக்கப்பட்ட படம் அழிந்தால் அது அழிந்தது என்பதும் தெரியாமல் போகும்.

ஆகவே இதைப் படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் டூரிங் கொட்டகை நடத்தியவர், படப்பெட்டி சுமந்தவர், இப்படங்களில் குதிரை ஓட்டியவர், சண்டையில் விழுந்தவர் எவரேனும் உயிருடன் இருந்தால் சென்று பேசுங்கள், பேசியதை எழுதுங்கள். பாட்டுப் புத்தகமோ நோட்டீசோ ஒரு பெட்டியின் அடியில் கிடந்தால் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். தமிழாசிரியர்கள் பாலைத்திணை நடத்தும் நாளில் ‘ரைட் லோன்சம்’ படத்தையும் ‘காலம் வெல்லும்’ படத்தையும் ‘வாடிவாச’லையும் அடுத்தடுத்து வைத்து ஒரு மணி நேரம் பேசிப் பார்க்கலாம். மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் அய்யலூர் மாணவனுக்குத் தன் அப்பனின் ஆட்டுப்பட்டி ஒரு கதைக்களம் என்பது அன்று முதன்முறையாகத் தெரியவரலாம். அதற்கு மேல் நாம் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை.